ஐந்து மணிச் சங்கு

சக்கர நாற்காலியின் முன்சக்கரம் தெருக்கல் இடுக்கில் சிக்கிக்கொண்டது. ஹல்ஷ்கா பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் இழுத்தாள்.

"மெதுவாடி. நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்றார் அப்பா.

லுட்விக்குக்கு எண்பத்து நான்கு வயது. இதயம் எந்த நேரமும் கைவிடலாம், கட்டிலை விட்டு இறக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஆகஸ்ட் முதல் தேதியன்று வார்சாவில் அவர் யார் பேச்சைக் கேட்பார்? ஜெர்மானியரை எதிர்த்து நகரமே எழுந்து, தோற்று, தரைமட்டமான அந்தக் கோடையில், பதினான்கு வயதில் போராளிகளுக்குக் கடிதம் சுமந்து ஓடியவர். ஹல்ஷ்காவின் தம்பி மார்ட்சின் வேலை முடிந்து வருவதற்குள் அவரைத் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட வேண்டும். அதுவரை தாங்குவாரா?

நினைவுச்சின்னத்தின் அடியில் சிவப்புக் கண்ணாடி விளக்குகள் நெருக்கியடித்து எரிந்தன. இடியும் சுவருக்கு அடியிலிருந்து ஓடிவரும் வெண்கல வீரர்களை அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"எங்க கூட இருந்தவன் ஒருத்தன்கூட இவ்ளோ புஷ்டியா இல்லடி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அப்பா, மாத்திரையைப் போட்டுக்குங்க. போயிடலாம்."

"சங்கு ஊதட்டும். ஊதும்போது என்னையே பாத்துட்டு நிக்காதே. நேரா பாரு. ஆடக் கூடாது."

சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. எழுச்சி தொடங்கிய ஐந்து மணிக்கு ஆண்டுதோறும் அபாயச் சங்கு ஊத, நகரமே ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும். ஒருமுறை மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டாள் என்பதற்காக, வீடு போய்ச் சேரும்வரை அவளோடு பேசாமல் வந்தவர்.

ஐந்து மணிக்குச் சங்கு எழுந்தது. பேருந்துகள் நின்றன. சாலையைக் கடந்துகொண்டிருந்தவர்கள் பாதி வழியிலேயே நின்றார்கள். அப்பா முதுகை நிமிர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சங்கு ஓய்வதற்கு முன்பே அந்தப் பிடி தளர்ந்தது.

மாத்திரை தோள்பையில்தான் இருந்தது. திரும்பச் சொல்லிக் கழுத்து துடித்தது. களைத்திருப்பார், ஒரு நிமிடம்தானே, இப்போது திரும்பினால் திட்டுவார் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு வெண்கல முகங்களைப் பார்த்தாள். அத்தனை நீளமான சங்கை அவள் கேட்டதே இல்லை. திட்டட்டும், எழுந்து உட்கார்ந்து நன்றாகத் திட்டட்டும் என்று மனம் கெஞ்சியது.

சங்கு ஓய்ந்தது. பேருந்துகள் புறப்பட்டன.

பக்கத்தில் நின்றவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, "பெரியவர் கடைசி வரைக்கும் அசையலையே. இப்ப யாரு இப்படி இருக்காங்க?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பையில் கைப்பேசி அடித்தது. மார்ட்சினாகத்தான் இருக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது. கூட்டம் கலைந்து சதுக்கம் பாதி காலியான பின்னும், ஹல்ஷ்கா நேராகப் பார்த்தபடி ஆடாமல் நின்றுகொண்டிருந்தாள்.