பெக்கோக்கில் காய்ச்சிய மீன் மருந்து

பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்த கேப்ரியல், கடலைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பினாங்கில் கப்பலை விட்டு இறங்கி, படகில் அக்கரை போய் ரயிலுக்கு நடக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம். முத்துக்குளித்துறைக் கரையில் பிறந்து, நடக்கப் பழகும் முன்பே அலையில் விழுந்து எழுந்தவன் அவன். ஊர் நினைப்பு என்று அவனுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே அவனுக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. அப்பன் செத்த மறுவாரமே பங்காளிகள் வள்ளத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தில் கங்காணியின் பின்னால் கிளம்பி வந்தவன். கடல் மட்டும்தான் அவனுக்கு வேண்டியிருந்தது.

அதனால் அவன் மருந்து காய்ச்சினான்.

மருந்து என்று லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் வைத்த பெயர்தான். தூண்டில் இரைக்குத் தடவுகிற மணச்சாந்து அது. பெக்கோக் கடைவீதியில் சீனன் கடைக்கு ரயிலில் வந்திறங்கும் கூடையில் கெட்டுப்போன இறால் தலைகளை வாங்கி வருவான். அவற்றை நசுக்கி, பெலாச்சான் என்ற இறால் விழுதும் எள்ளுப் பிண்ணாக்கும் சேர்த்துப் பிசைவான். வறுத்து இடித்த வெந்தயம், நெல்லிக்காயளவு பெருங்காயம், ஒரு துண்டு கருப்பட்டி. கடைசியில் தேங்காயெண்ணெய். எல்லாவற்றையும் பால் டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றி ரப்பர் பாலை ஊற்றி உறையவிட்டு, பத்து நாள் வெயிலில் வைப்பான். திறந்தால் அடுத்த லயத்து நாய்கூட எழுந்து போய்விடும். கேப்ரியலுக்கோ அந்த மணத்தில் விடியற்காலை வள்ளத்தின் அடிப்பலகை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுப்பான். பிறகு மூடி வைத்துவிடுவான்.

தோட்டத்துக்குக் கீழே ஆறு ஓடியது. அதில் மீனும் இருந்தது. "அதுல போட்டுப் பாக்குறதுதானே?" என்று கேட்டவர்களுக்கு, "இது உப்புத்தண்ணி மீனுக்கு" என்பான். வருடத்துக்கு இரண்டு முறை பழையதைப் புதைத்துவிட்டுப் புதிதாகக் காய்ச்சினான். ஒரு மீன்கூட அதை மோந்து பார்த்ததில்லை.

அவன் பெண்டாட்டி அங்கம்மா சேலத்துப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரி. தோட்டத்துக்கு வந்த இடத்தில்தான் இருவரும் சேர்ந்தார்கள், ஆறு வருடமாகிறது. அவளுக்குக் கடல் என்றால் கப்பலின் கீழ்த்தட்டும் வாந்தியும்தான். டின்னை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது அவள் போட்ட ஒரே சட்டம். அது கோழிக்கூண்டின் மேல் இருந்தது.

அந்த வருடம் மாசி மாதம் மரங்களெல்லாம் இலை உதிர்த்து நின்றன. பால் வற்றிப்போய் வெட்டும் குறைந்தது. கேப்ரியல் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் போய் இரண்டு நாள் லீவு கேட்டான். பதினோரு வருடத்தில் லீவே கேட்காதவன் கேட்டதால், கிராணி முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டார்.

"ஜொகூர் பாரு போய்ட்டு வந்துடுறேன்," என்றான் அங்கம்மாவிடம். "ரயில் டேசனுக்கு முன்னாலயே கடலாம்."

அங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நானும் வரேன்."

"உனக்குக் கடல்னாலே ஆகாதே."

"வரேன்னு சொல்றேன்ல."

காரணம் அவனுக்குத் தெரியும். அடுத்த வீட்டுக் கருப்பாயி இரண்டு நாள் முன்புதான் அவள் காதில் போட்டிருந்தாள்: "ஜொகூருக்கு அக்கரை சிங்கப்பூருடி. அங்கேருந்து நேரா நாகப்பட்டணத்துக்குக் கப்பலு. உன் புருஷன் தண்ணியக் கண்டா திரும்புவாருன்னா நெனைக்கிற?" சுவர் மெலிந்த லயத்தில் இதெல்லாம் கேட்காமல் போகாது. கேப்ரியல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தான் திரும்புவோமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அங்கம்மா தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள். விடிவதற்குள் டேசனுக்கு வந்து, மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறினார்கள். டின்னைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தான் கேப்ரியல். புதிதாகக் காய்ச்சியது, வெயிலில் நன்றாகப் புளித்திருந்தது. குளுவாங் தாண்டியதும் வெயில் ஏறியது. பெட்டி அடுப்பு மாதிரி கொதித்தது. மடியில் டின்னின் மூடி லேசாக உப்புவதை அவன் கை உணர்ந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஜன்னல் காற்று பட்டால் தணியும் என்று நினைத்து, எழுந்து டின்னை ஜன்னல் பக்கம் நீட்டினான்.

அப்போதுதான் அது வெடித்தது.

மூடி கூரையில் மோதிக் கீழே விழுந்தது. பாதி மருந்து பீறிட்டு அங்கம்மாவின் தோளிலிருந்து முந்தானை வரை வழிந்தது. எதிரே கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த சீனத்து ஆள் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்கு ஓடினான். கோட்டுப் போட்ட தமிழர் ஒருவர் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். "ஐயையோ! பொணத்தையா தூக்கிட்டு வந்தீங்க?" என்று கத்தினார். ஒரு மலாய்க்காரக் கிழவி அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனாள். டிக்கெட் பரிசோதகர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எறங்கு. அடுத்த டேசன்ல ரெண்டு பேரும் எறங்கு!"

"ஐயா, ஜொகூர் வரைக்கும் சீட்டு இருக்கு…"

"சீட்டு உனக்கு. அதுக்கு இல்ல."

சினாய் டேசனில் இறங்கினார்கள். ரயில் போன பிறகு நடைமேடையில் யாருமில்லை. கேப்ரியல் டின்னுக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் நாலு விரற்கடை மிச்சம் இருந்தது. பிறகுதான் பெண்டாட்டியைப் பார்த்தான். நீலச் சேலை பழுப்பாகியிருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் முந்தானையைப் பிழிந்தாள்.

"எந்தப் பக்கம் நடக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜொகூர் பாரு தூரம். ஸ்கூடாய் ஐந்து மைல்தான், அங்கே ஆறு இருக்கிறது, அது கடலுக்குப் போகிறது என்றார் டேசன் வாசலில் இருந்த பெட்டிக்கடைக்காரர். செம்மண் ரோட்டில் நடந்தார்கள். அன்னாசிப் பழம் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. ஓட்டுபவன் மூக்கைச் சுளித்துவிட்டுப் பின்னால் பழங்களின் மேல் உட்காரச் சொன்னான்.

ஸ்கூடாயில் ஆறு கலங்கலாக, அகலமாக ஓடியது. கரையில் கண்டல் மரங்கள் வேரை மேலே நீட்டிக்கொண்டு நின்றன. கேப்ரியல் சேற்றில் இறங்கி ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்தான்.

உப்பு.

லேசான உப்புதான். ஆனால் அவன் அந்தத் தண்ணீரைத் துப்பவில்லை. குனிந்தபடியே வெகுநேரம் நின்றான். முதுகு குலுங்குவதைக் கரையிலிருந்த அங்கம்மா பார்த்திருப்பாள். கூப்பிடவில்லை.

படகுத்துறையில் பாக் சமாட் என்ற மலாய்க்காரக் கிழவர் சின்னச் சம்பான் ஒன்றுக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தார். கேப்ரியல் தோட்டத்தில் பழகிய கடைத்தெரு மலாயில் விஷயத்தைச் சொன்னான். அவர் டின்னை மோந்து பார்த்துத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இதுக்கு மீன் வருமா, ஓடுமா?"

"வரும்."

"பார்த்திருக்கியா?"

"இங்க இல்ல. எங்க பக்கத்துல."

கிழவருக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது, வடிகிற ஓட்டத்தில் முகத்துவாரம் வரை போய் ஏறுகிற ஓட்டத்தில் திரும்பிவிடலாம் என்றார். ஆனால் சம்பானில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

கேப்ரியல் அங்கம்மாவைப் பார்த்தான். அவள் சம்பானைப் பார்த்தாள், ஆறு திரும்புகிற வளைவைப் பார்த்தாள்.

"அக்கரை எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாள். எந்த அக்கரை என்று சொல்லவில்லை.

"தெரியல."

"சரி, போங்க." கட்டுச்சோற்று மூட்டையிலிருந்து பாதியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "நான் இங்கேயே ஒக்காந்திருக்கேன்."

வளைவில் திரும்பும்போது அவன் பார்த்தான். கண்டல் வேரின்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். கை அசைக்கவில்லை.

ஆறு விரிந்துகொண்டே போயிற்று. காற்று மாறியது. அந்தக் காற்றில் உப்பும் சேறும் அழுகிய சிப்பியும் கலந்து வந்தன. கேப்ரியல் முன்பலகையில் எழுந்து நின்றுவிட்டான். "உட்கார், கவிழ்ந்துடும்!" என்று கிழவர் சத்தம் போட்டார். முகத்துவாரம் திறந்தது.

எதிரே பச்சையாக ஒரு கரை இருந்தது.

"அது என்ன?"

"சிங்கப்பூர்."

கிழக்கே தூரத்தில், இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே தண்ணீரின் குறுக்காகக் கல் போட்டு அடைத்திருந்தார்கள். அதன்மேல் ரயில் ஒன்று புகை விட்டுக்கொண்டு ஊர்ந்தது. அவர்களை இறக்கிவிட்டதைப் போன்ற இன்னொரு ரயில். இந்தப் பக்கம் மேற்கே பார்த்தாலும் கண்டல் காடுதான் வளைந்து மறைத்தது. எங்கேயும் வானமும் தண்ணீரும் தொடவில்லை. கேப்ரியல் மெதுவாக உட்கார்ந்தான். பதினோரு வருடம் கண்ணை மூடிப் பார்த்த கடலுக்கு எதிர்க்கரை கிடையாது.

"என்ன, மீன் பிடிக்கலையா?" என்றார் பாக் சமாட்.

கை தானாக வேலை செய்தது. ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒரு இலையைப் போட்டுப் பார்த்தான். அதற்கு மேற்பக்கமாகச் சம்பானை நிறுத்தச் சொன்னான். கரையில் அள்ளியிருந்த களிமண்ணில் மருந்தைப் பிசைந்து, கல்லைச் சுற்றி உருட்டி, துணியில் கட்டிக் கயிற்றில் இறக்கினான். களிமண் கரையக் கரைய மணம் ஓட்டத்தோடு அடியில் போகும். மேலே எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் நீளமாக விரிந்தது. கிழவர் கொடுத்த தூண்டிலில் அவருடைய இறாலைக் குத்தி, அதன்மேல் மிச்ச மருந்தை விரலால் தடவி, படலம் போகும் வழியிலேயே விட்டான்.

முதலில் ஒன்றுமில்லை. கிழவர் சுருட்டுப் பற்றவைத்தார். பிறகு ஒரு கெளுத்தி, உடனே இன்னொன்று. கிழவர் சுருட்டை அணைத்துவிட்டுத் தன் தூண்டிலையும் எடுத்தார். "கொஞ்சம் இதுலயும் தடவு," என்றார். வெட்கப்பட்டபடி சிரித்தார்.

கொடுவா கடித்தபோது நூல் அவன் உள்ளங்கையைக் கிழித்தது. தண்ணீரை உடைத்துக்கொண்டு அது ஒருமுறை முழுசாக மேலே எழும்பியது. வெள்ளியாக, ஒரு பெண்ணின் கை நீளத்துக்கு. "சியாக்காப்! சியாக்காப்!" என்று அதன் மலாய்ப் பெயரைச் சொல்லிக் கிழவர் கத்தினார். கேப்ரியல் விட்டு இழுத்து, விட்டு இழுத்து, அதைக் களைக்கவைத்துச் சம்பானுக்குள் கொண்டுவந்தான். அது வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷம் போய் நிற்க வேண்டிய இடத்தில்தான் எதிர்க்கரை நின்றது.

அப்போது தொங்கான் என்னும் சரக்குப் படகு ஒன்று பாய் விரித்து மேற்கே போனது. மூட்டைகளின்மேல் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அது எங்க போகுது?"

"வெளிக்கடலுக்கு. மலாக்கா, பினாங்கு, எங்க வேணும்னாலும்." கிழவர் அவனை உற்றுப் பார்த்தார். "தெரிஞ்ச ஆளுதான். கூப்பிட்டா நிறுத்துவான். போகணுமா?"

கூப்பிடு தூரத்தில்தான் போனது. பாயின் ஒட்டுத் துணிகள்கூடத் தெரிந்தன. வெளிக்கடல் என்ற சொல் கேப்ரியலின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவன் வாயைத் திறந்தான். எழுந்து நிற்கவும் நின்றான். இந்த முறை கிழவர் அவனை உட்காரச் சொல்லவில்லை.

தொங்கான் கண்டல் காட்டைத் தாண்டி மறையும்வரை நின்றான். பாய் மட்டும் கொஞ்ச நேரம் மரங்களுக்கு மேலே நகர்ந்தது. பிறகு அதுவும் இல்லை.

"ஓட்டம் மாறிடுச்சு. திரும்பலாம்," என்றான்.

துறை தெரிந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கண்டல் வேரின்மேல் அங்கம்மா இல்லை. அவன் கண் கரை நெடுகத் தேடியது. பிறகு பார்த்தான். தண்ணீர் ஏறியும் விலகாமல், முழங்காலுக்குமேல் நனைந்து, ஆற்றுக்குள் நின்றிருந்தாள். சேலையை அலசியிருக்கிறாள் போலிருக்கிறது. அலசியும் மணம் போகவில்லை. சம்பான் நெருங்கியதும் அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மீனைப் பார்க்கவே இல்லை.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"எம்மாம் நேரம்…" அவன் இறங்கி அவள் பக்கத்தில் தண்ணீரில் நின்றான். பாக் சமாட் மீன்களைக் கரைக்கு எடுத்துப்போனார். கொடுவாவைத் தன் வீட்டிலேயே சமைக்கலாம், சாப்பிட்டுவிட்டுக் காலையில் போங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"எப்படி இருந்துச்சு உங்க கடலு?" என்று கேட்டாள் அங்கம்மா, அவர் போனபின்.

"அது கடல் இல்ல. எதிர்க்கரை தெரியுது."

"எதிர்க்கரை இல்லாம எப்படி இருக்கும்?"

கப்பலில் வந்தவள்தான், ஆனால் கீழ்த்தட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் அதைப் பார்த்ததில்லை. ஆறு வருடத்தில் அவன் அவளுக்குச் சொன்னதும் இல்லை. கேப்ரியல் கையை நீட்டி எதையோ காட்டப்போனான். காட்டுவதற்கு அங்கே கண்டல் மரங்களும் வளைவும்தான் இருந்தன. கை அப்படியே நின்றது.

"காலையில சூரியன் தண்ணிக்குள்ளேருந்து வரும்," என்றான். "முதல்ல அது வராது. தண்ணி மட்டும் செவக்கும். வள்ளம் ஓடிக்கிட்டே இருக்கும். ஆனா எங்கயும் போன மாதிரி இருக்காது. திரும்பிப் பாத்தா கரை ஒரு நூல் மாதிரி…"

அவள் அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, வளைவுக்கு அப்பால் பார்த்தாள். ஏறுகிற தண்ணீர் அவர்கள் இடுப்பைத் தொட்டது.

"ம், சொல்லுங்க," என்றாள். "அப்புறம்?"