வெறும் மடி

எழுத்தாளரம்மாவின் புத்தகத்தில் பொய் என்று பார்த்தால் ஒரே ஒரு வரிதான். அதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களே நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் பல்லை உடைக்கச் சோற்றில் ஒரு கல் இருந்தால் போதும்.

மற்றதெல்லாம் உண்மை. கல்யாணமான மூன்றாம் வருடம் கணவர் மேல் இருந்த காதல் போன இடம் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். அவரும் படித்தார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, "போன இடம் எனக்கும்தான் தெரியல" என்றார். இருவரும் சிரித்தார்கள். பிள்ளை பெற்ற உடம்பைக் கண்ணாடியில் பார்க்கக் கூசியதை எழுதினாள். தனக்கு என்ன பிடிக்கும் என்பதே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது என்று எழுதினாள். எங்கள் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்காத வாசகி இல்லை. அவ்வளவு துணிச்சல்காரிக்கு நான்காம் அத்தியாயத்தில் மட்டும் கை நடுங்கிவிட்டது. 'என் மகள் அழுதபோதெல்லாம் நான் எழுந்து ஓடினேன்' என்று எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டாள்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். அந்த வீட்டில் கல் யாரிடம் இருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

புத்தகம் ஒலி வடிவிலும் வர வேண்டும், அதுவும் அவள் குரலிலேயே வர வேண்டும் என்று பதிப்பகத்தார் பிடிவாதமாகச் சொன்னார்கள். ஒலிப்பதிவு அறை அலமாரி மாதிரி இருந்தது. நான்கு சுவரிலும் கறுப்புப் பஞ்சுப் பலகை, ஒரு நாற்காலி, ஒரு மைக், எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவு செய்கிற பெண். அடுத்த தெருவில் ஊசி விழுந்தாலும் கேட்டுவிடும் என்பதால் அங்கே எல்லோரும் அவளைப் பாம்புச்செவி என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

வாசிப்பதற்கு முன்னால் பாம்புச்செவி ஒரு வேலை சொன்னாள். "கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க மேடம். பேச வேணாம். இந்த ரூமோட மௌனத்தப் பதிவு பண்ணிக்கறேன்."

"மௌனத்துக்குக் கூடவா பதிவு?"

"நீங்க இருமுவீங்க, தடுமாறுவீங்க. அதையெல்லாம் வெட்டிட்டு அந்த எடத்துல இத ஒட்டணும். இல்லன்னா கேக்கறவங்களுக்குக் கெணத்துல விழுந்த மாதிரி இருக்கும்."

எழுத்தாளரம்மா சும்மா உட்கார்ந்தாள். சும்மா இருப்பதுதான் அவளுக்கு ஆகாத காரியம். மூடிய அறை, லிஃப்ட், மின்சாரம் போன வீடு, எங்கே சத்தம் அடங்கினாலும் தூரத்தில் ஒரு குழந்தை அழத் தொடங்கிவிடும். அன்றும் அழுதது. கண்ணாடிக்கு அப்பால் பாம்புச்செவி கட்டைவிரலை உயர்த்தியதும்தான் அது நின்றது.

வாசித்து முடித்த மறுவாரம் பாம்புச்செவி போனில் கூப்பிட்டாள். "ஒரு சின்னப் பிரச்சினை மேடம். நேர்ல வந்தீங்கன்னா காட்டறேன்."

போனபோது ஹெட்போனை மாட்டிவிட்டாள். எழுத்தாளரம்மாவின் சொந்தக் குரல் நான்காம் அத்தியாயத்தை வாசித்தது. 'எழுந்து ஓடினேன்.' பிறகு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மெதுவாக, மிக மெதுவாக, தட் தட்... தட் தட்... தட் தட்.

"மொதல்ல ஏசின்னு நெனச்சேன். இல்ல. பக்கத்துக் கட்டடமும் இல்ல. வேற யாரோட பதிவுலயும் இது கெடையாது. உங்க மௌனத்துல மட்டும் இருக்கு. அதத்தான் புத்தகம் பூரா ஒட்டியிருக்கேன். நீங்க வாய மூடுற எடமெல்லாம் இது வருது." பாம்புச்செவி குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரி தனியா கேட்டேன் மேடம். பயந்தே போயிட்டேன்."

அந்தத் தாளம் எழுத்தாளரம்மாவுக்குத் தெரியும்.

"மேடம்," என்றாள் பாம்புச்செவி, அவள் மடியைப் பார்த்தபடி. "இப்பவும் தட்டறீங்க."

குனிந்து பார்த்தாள். வலது உள்ளங்கை தொடைமேல் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் இதுதான்.

அன்றும் இதே கைதான். மகளுக்கு அப்போது மூன்று மாதம். விடிந்ததிலிருந்து அழுகை. பால் கொடுத்தாள், தோளில் போட்டு நடந்தாள், பாடினாள், திட்டினாள். மதியம் குழந்தையைத் தொட்டிலில் போட்டு அறைக்கதவைச் சாத்தினாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அழுகை வந்தது. அப்போதுதான் கை தன்பாட்டுக்கு வெறும் மடியைத் தட்டத் தொடங்கியது, குழந்தையைத் தூங்க வைக்கிற அதே தட்டல். அவள் போகவில்லை. போகப் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை. அந்தக் குழந்தை வளர்ந்து, அவளைவிட உயரமாகி, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டது. ஆனால் அந்த மதியத்தில் அழுத குழந்தை மட்டும் வளரவே இல்லை.

இப்போது மகள் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள், மூன்று மாதப் பெண்குழந்தையோடு. போன வாரம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, நெஜமாவே ஒரு தடவகூட நீ போகாம இருந்ததில்லையா?"

கேட்டபோதே சொல்லியிருக்கலாம். நாக்கு புரண்டுவிட்டது. "பெத்தவளால எப்படிடி போகாம இருக்க முடியும்?"

"அப்ப கோளாறு என்கிட்டதான்" என்று மகள் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் தலை வாரவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரோ விட்டுப்போன பெட்டியைப் பார்ப்பதுபோலக் குழந்தையைப் பார்த்தாள். அந்த நிலையில் அவளைத் தனியாக விட்டுவிட்டுத்தான் எழுத்தாளரம்மா இங்கே வந்திருந்தாள்.

ஹெட்போனைக் கழற்றினாள். "நான் வீட்டுக்குப் போகணும்."

"மௌனத்த மறுபடி எடுக்கணுமே மேடம்?"

"அது இருக்கட்டும்மா. வரியத்தான் மாத்தணும்."

வீட்டுக் கதவைத் திறந்ததுமே அழுகை கேட்டது. தனக்குள் கேட்கிற அழுகைதான் என்று ஒரு கணம் நின்றாள். இல்லை, பேத்தி. அறைக்கதவு சாத்தியிருந்தது. நடையின் மறுகோடியில் குளியலறைக் கதவும் சாத்தியிருந்தது. உள்ளே குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

எந்தக் கதவு? அறையை எட்டிப் பார்த்தாள். பேத்தி தொட்டிலில் பத்திரமாகக் கிடந்து, கை காலை உதறி, முகம் சிவக்க அழுதாள். அவளைத் தூக்கத்தான் கை பரபரத்தது. ஆனால் தான் பெற்றது மற்றக் கதவுக்குப் பின்னால் இருந்தது, சத்தமே இல்லாமல். எழுத்தாளரம்மா திரும்பிக் குளியலறையை நோக்கி ஓடினாள்.

"கண்ணு, அம்மா வந்திருக்கேன்."

கதவில் காதை வைத்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் தட் தட்... தட் தட். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று எத்தனை பேர் அவளிடம் புகழ்ச்சியாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த வரி பொய்டி."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"நீ அழுத. நான் வரல. இதே மாதிரி கதவச் சாத்திட்டு, கொழாயத் தொறந்து விட்டுட்டு உள்ள உக்காந்திருந்தேன்."

தட்டல் நின்றது. சற்றுப் பொறுத்துக் குழாயும் நின்றது. இப்போது வீட்டில் பேத்தியின் அழுகை மட்டும்தான்.

"எவ்ளோ நேரம்?" கரகரத்த குரல்.

"நீயா அழுது ஓய்ஞ்சு தூங்கற வரைக்கும்."

"அப்புறம் வந்தியா?"

வந்தேன் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. எழுத்தாளரம்மா அதை விழுங்கினாள்.

"இல்ல. அதுக்கப்புறமும் அங்கேயேதான் உக்காந்திருந்தேன். சத்தம் நின்னது நல்லா இருந்துச்சு."

தாழ்ப்பாள் விலகியது. மகள் நனைந்த பாவாடையோடு வாசலில் உட்கார்ந்து, அம்மாவையே வெறித்துப் பார்த்தாள். பிறகு குழந்தை மாதிரிச் சரிந்து அவள் மடியில் தலையை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். எழுத்தாளரம்மாவின் கை எழுந்தது, தயங்கியது, மகளின் முதுகில் விழுந்தது.

"பாப்பா அழுவுதும்மா," என்றாள் மகள், மடிக்குள்ளிருந்து.

"கேக்குது. நீ அழுது முடிச்சதும் ரெண்டு பேருமா போலாம்."