இருக்கட்டுங்க

தங்கராஜைப் போல மரியாதை தெரிந்த மனிதர் திருப்பூர் வட்டாரத்தில் இல்லை. வீட்டு நாயைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். அந்த நாயும் யாரையும் திடீரென்று கடித்ததில்லை. முறைப்படித் தெரிவித்துவிட்டுத்தான் கடிக்கும். மங்கலம் போகும் வழியில் அவருக்கு ஒரு நூல்மில் இருந்தது. அதன் மதில் வருஷாவருஷம் வளரும். மழை நன்றாகப் பெய்த வருஷம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

அந்த மதிலுக்குள்தான் பாண்டியம்மாளின் மகள் விஜயராணி இருந்தாள். மில்லில் வேலை, மில் விடுதியில் தங்கல். தைப்பொங்கலுக்கு வெளியே விடவில்லை. சித்திரைப் பொங்கலுக்கும் விடவில்லை. பாண்டியம்மாள் கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் மில் கேட்டுக்குப் போய்விடுவாள். வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வெயில் தாழ்ந்ததும் திருப்பி அனுப்பிவிடுவான். போனில் கூப்பிட்டால் மகள், "நல்லா இருக்கேம்மா" என்பாள். அந்தக் குரலுக்குப் பின்னால் வார்டனின் மூச்சு கேட்கும். போன வாரம் அந்த மூச்சு மட்டும்தான் கேட்டது.

அதன் பிறகுதான் அவள் நகர மனித உரிமை ஆணையத்தில் மனுக் கொடுத்தாள்.

ஆணையத்தின் விசாரணைக் கூடத்தில் ஒரு மின்விசிறி உண்டு. காற்றை அது எங்கே அனுப்புகிறது என்று யாருக்கும் தெரியாது. சத்தத்தை மட்டும் கூடத்திலேயே இறக்கிவைக்கும். அந்தச் சத்தத்தில் யாரோ தும்மியது ஒருமுறை சாட்சியமாகப் பதிவாகி, அதன்பேரில் மேல்விசாரணையும் நடந்ததாம். விசாரித்த உறுப்பினர் ஓய்வுபெற்ற நீதிபதி. நல்ல மனிதர். அவருடைய காது மட்டும் அவருக்கு முன்னாலேயே ஓய்வுபெற்றிருந்தது.

தங்கராஜ் கூடத்துக்கே டீ வாங்கிவந்திருந்தார். மற்றவர்களுக்கு ஆள் கொடுத்தான். பாண்டியம்மாளுக்கு மட்டும் அவரே தட்டோடு எழுந்து வந்தார்.

"டீ எடுத்துக்குங்கம்மா. வெயில்ல வந்திருக்கறீங்க."

பிள்ளையைப் பூட்டிவைத்திருப்பவர் கையால் டீ குடிக்க அவளுக்கு மனமில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வரவில்லை. அதே நேரம் உறுப்பினர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, மகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா, இல்லை மில்லிலேயே இருக்கட்டுமா என்று அவளைக் கேட்டார். மின்விசிறிச் சத்தத்தில் அது அவள் காதுவரை வந்து சேரவில்லை.

"இருக்கட்டுங்க" என்றாள் பாண்டியம்மாள், டீயைப் பார்த்து.

உறுப்பினர் திருப்தியாகத் தலையாட்டினார். பெற்ற தாயே சம்மதித்துவிட்டதால் மனு முடிந்தது என்று பதிவு செய்யச் சொன்னார். அடுத்தவருக்கு வழிவிடும்படி டவாலி வந்து சொன்னபோதுதான், தன் வாயாலேயே மகளை உள்ளே தள்ளித் தாழ்போட்டுவிட்டது அவளுக்கு விளங்கியது. டீ வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று கத்தினாள். தங்கராஜ் கைகூப்பி, மெய்யாகவே மனம் நொந்தவராக உறுப்பினரிடம் திரும்பினார்.

"நாங் குடுக்கற டீயை ஆருங்க வேண்டாம்பாங்க? புள்ளையைத்தானுங்க சொன்னாங்க."

பாண்டியம்மாள் தட்டிலிருந்த டீயை எடுத்தாள். ஆவி பறக்க ஒரே மூச்சில் குடித்தாள். கிளாசுக்கே வியர்த்தது. காலிக் கிளாசை உறுப்பினரின் மேசைமேல் கவிழ்த்துவைத்தாள்.

"குடிச்சிட்டேன்யா. நான் வேண்டாம்னது தீந்துபோச்சு. இப்ப எம் பிள்ளையக் குடுங்க."

மின்விசிறி அந்த நேரம் பார்த்து நின்றது. கரண்ட் போனது என்றார்கள், அப்படியும் இருக்கலாம். அன்று அதுவரை உறுப்பினர் காதில் சரியாக விழுந்த பேச்சு அது ஒன்றுதான். முடித்த மனுவைத் திறந்து, பெண்ணை உடனே இங்கே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

கார் போய் விஜயராணியைக் கூட்டிவந்தது. வெயிலே படாத வெளுப்பு. வாசல் திறந்துதான் கிடந்தது. உள்ளே வரச் சொல்லும்வரை அவள் வெளியிலேயே நின்றாள். உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று உறுப்பினர் சொன்னபோது, யாரிடமோ அனுமதி கேட்பதுபோல் தங்கராஜைப் பார்த்தாள். அவர் சிரித்த முகமாகத் தட்டை நீட்டினார்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போ கண்ணு."

"இருக்க..." என்று அவள் ஆரம்பித்ததும் பாண்டியம்மாள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"குடிச்சிரு தாயி. அந்தச் சொல்லு மட்டும் நமக்கு வேண்டாம்."

விஜயராணி குடித்தாள். கிளாசை வைத்துவிட்டு அம்மாவின் காதில் சொன்னாள்: "எம் பக்கத்துப் படுக்கை ஜெயசுதா அங்கதாம்மா கெடக்கா. காச்சல்ல பேச்சே இல்ல. அவளுக்குன்னு மனுக் குடுக்க ஆளில்ல."

பாண்டியம்மாள் அதை உரக்கச் சொன்னாள். உறுப்பினர் தங்கராஜைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்குப் புகாரே இல்லீங்களே சார்" என்றார் தங்கராஜ், பணிவாக. "அது அங்கயே இருக்கட்டுங்க."

கரண்ட் வந்தது. மின்விசிறி இரைய ஆரம்பித்தது. உறுப்பினர் கோப்பை மூடக் கையை நீட்டினார்.

பாண்டியம்மாள் தட்டைப் பார்த்தாள். ஆடை படிந்து, ஆறிப்போய், இன்னும் ஒரு டீ இருந்தது. ஜெயசுதாவின் பேரில் அதை எடுத்தாள்.