ஓரின் பாழாக்கிய அம்புகள்

ஒரேகான் மாநிலத்தில் அம்பைப் பாழாக்குவதில் தன்னை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை என்றும், தான் பாழாக்கிய அம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டாலும் அது கரடியின் நெஞ்சை மோப்பம் பிடித்துப் போய் நிற்கும் என்றும் ஓரின் சொல்லித் திரிகிறார். சொல்லும் இடம், கோக்வில் ஆற்றங்கரை வில்லாளர் சங்கத்தின் காபி மேசை. கேட்பவர்கள் எல்லாரும் அவர் மரலாரி ஓட்டிய காலத்துக் கதைகளில் ஊறி உரமேறியவர்கள். அந்தக் கதைகளில் லாரி ஒருதரம் பாலமே இல்லாத இடத்தில் ஆற்றைக் கடந்திருக்கிறது. இன்னொரு தரம் பிரேக் பிடிக்காமல் மலையிறங்கியபோது எதிரே வந்த மான் ஒதுங்கி வழிவிட்டு, போகிற வண்டிக்குத் தலையும் ஆட்டியிருக்கிறது. ஆகையால் அம்புக் கதையை நடந்தபடி சொல்லிவிடுவதே உத்தமம். நடந்தபடி என்றால், ஓரின் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு.

போன இலையுதிர் காலத்தில் அவர் மனைவி வெர்னாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, கேலி எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு திரும்பியது. வலது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. பழைய வில்லை இழுக்க அந்தக் கையில் பலமில்லை என்று, பள்ளிப் பிள்ளைகள் பழகும் இலேசான வில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்து வைக்கோல் கட்டை நோக்கி வெர்னா எய்து பார்த்தார். விட்ட அம்பெல்லாம் இடது பக்கம் திரும்பிப் பெரணிப் புதருக்குள் போயின. ஒன்று கூடத் தப்பித்தவறி வைக்கோல் கட்டின் மேல் படவில்லை. வசந்தம் முழுக்க இதே கூத்து.

ஒருநாள் புதருக்குள் குனிந்து அம்பு பொறுக்கிக்கொண்டிருந்த ஓரினிடம் வெர்னா சொன்னார்: "விடு ஓரின். கை போயிடுச்சு. சங்கத்து ஜூன் போட்டியில இந்தத் தடவை நான் வர்றவங்களுக்கு ஆப்பிள் பை வெட்டிக் கொடுக்கற மேசையில நின்னுக்கறேன்."

கல்யாணமான வருஷத்திலிருந்து வெர்னா எய்யாத ஜூன் போட்டி கிடையாது. ஒரு தடவை அந்த மேசைக்குப் பின்னால் நின்றுவிட்டால் அப்புறம் அவர் வில்லைத் தொடவே மாட்டார் என்று ஓரினுக்குத் தெரியும். வெர்னாவின் கையைச் சரிசெய்ய ஓரினால் முடியாது. அம்புகளையாவது அழகாக்கிக் கொடுத்தால் ஆசையில் ஒரு தரமாவது எடுக்கமாட்டாரா என்று நினைத்தார்.

வெர்னா எய்துவந்த அந்தப் பன்னிரண்டு அம்புகளும் அவருடைய அப்பா ஹால்வர் தன் கையால் செய்தவை. அந்த மலையிலேயே விளைந்த சிடார் மரம். பின்புறம் இரண்டு சிவப்பு வளையம், நடுவே ஒரு மஞ்சள். அது அந்தக் குடும்பத்தின் அடையாளம். ஆனால் வளையம் எதுவும் இப்போது தெரியாது. வெர்னாவின் தம்பி ராஸ்கோ ஒரு சமயம் தன் மீன்பிடி படகுக்குப் பூசியது போக மிஞ்சிய பச்சைப் பெயிண்டை அம்புகள் மேல் தாராளமாகப் பூசிவைத்திருந்தார்.

"மழையில கெட்டுடக் கூடாதேன்னுதான் பூசினேன் மச்சான்."

"ஏன்டா, அம்பு என்ன ஆழ்கடலுக்கா போகப் போகுது?"

ஓரின் கொட்டகையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். முனைகளைச் சூடுகாட்டிக் கழற்றினார். பழைய இறகுகளைச் சுரண்டி எடுத்தார். பச்சைப் பெயிண்டின் மேல் பெயிண்ட் கரைக்கும் திரவத்தை ஊற்றினார். பெயிண்ட் அதைக் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்பது போலப் பளபளத்தது. கத்தி முதுகால் சுரண்டினார், கத்திதான் மழுங்கியது. கடைசியில் அம்புத்தண்டை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளை மடித்து இறுக்கிப் பிடித்தார்.

பச்சை பறந்தது. அடியிலிருந்து தேன் நிறத்தில் மரம் எட்டிப் பார்த்தது. கூடவே மணம். இஞ்சியைத் தட்டி மிளகு தூவினாற்போன்ற, கரையோரச் சிடாருக்கு மட்டும் வாய்த்த மணம். முப்பது வருஷம் லாரியில் அவர் முதுகுக்குப் பின்னாலேயே வந்த மணம்தான். அப்போதெல்லாம் டீசல் வாடையோடு வந்தது, இப்போது தனியாக வந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்த நாய்கள் கூட நீந்தி வந்து கொட்டகை வாசலில் படுத்துக்கொண்டன என்பது ஓரினின் கணக்கு. அந்த மணத்தை விட மனசில்லாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்துக்கொண்டே போனார். பெயிண்ட் போய் வெகுநேரம் ஆன பிறகும் தேய்த்தார்.

அப்புறம் வார்னிஷில் முக்கிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். தண்டைச் சுழலவைத்துத் தூரிகையை ஆடாமல் தொட்டு, சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று வளையம் போட்டார். காட்டு வான்கோழி இறகு ஒட்டினார். அம்புகள் அன்றைக்குத்தான் பிறந்தவை போல மின்னின.

போட்டிக்கு முந்தின நாள் ராஸ்கோ தன் வளைவுமானியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்பின் இரு முனையையும் தாங்கவைத்து, நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்று முள் காட்டும். ராஸ்கோ கல்லைத் தொங்கவிட்டார். முள் ஓடியது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் ஓடியது.

"மச்சான், எவ்வளவு தேச்ச?"

"பெயிண்ட் போற வரைக்கும்."

"பெயிண்டா? நீ மரத்தையே பாதி தின்னிருக்கியே! அப்பா செஞ்ச அம்பை நூடுல்ஸ் ஆக்கிட்டியேய்யா. அக்கா வில்லுல வச்சா ஒடிஞ்சு தெறிச்சிடும்."

"உங்க அக்கா இப்ப இழுக்கறது சின்னப்பசங்க வில்லுடா."

"அதெல்லாம் ரெண்டு மாசத்துக்கு. அப்புறம் பழைய வில்லுதான்." ராஸ்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கொட்டகையில என்னய்யா இப்படித் தூசு" என்று கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் காலை ஓரின் அம்புகளை அப்பத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் வாழ்க்கையில் மிகைப்படுத்தாமல் சொன்ன ஒரே சேதி அதுவாகத்தான் இருக்கும். வெர்னா ஓர் அம்பை எடுத்து வளையத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"அப்பா போட்ட இடத்துலயே போட்டிருக்க."

"மெலிஞ்சு போச்சு வெர்னா. எல்லாமே. நான்தான்..."

"நானுந்தான் மெலிஞ்சு போயிருக்கேன். என்னை மட்டும் சுவத்துல மாட்டவா போற?" வெர்னா சிரித்தார். "ஒண்ணே ஒண்ணு விடறேன். இடது பக்கம் போச்சுன்னா நேரா பை மேசைக்குப் போயிடறேன். சரியா?"

ஓரின் தலையை ஆட்டினார்.

சங்கத்துப் போட்டித் திடலில் காலைத் தூறல் விட்டிருந்தது. தேவதாரு மரங்களுக்கு நடுவே, குறியாக வைத்த நுரை ரப்பர்க் கரடி முன்காலைத் தூக்கி நின்றது. வெர்னா எய்யும் கோட்டருகே வந்து நின்றார். கை நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். ராஸ்கோ மட்டும் கைகட்டி நின்று, "முகத்தைத் தள்ளி வச்சுக்க அக்கா, மரச்சிம்பு தெறிக்கும்" என்றார்.

அம்பு கிளம்பியது. ஆற்றை எதிர்த்தேறும் சால்மன் மீன் போல ஒரு நெளி நெளிந்தது, நிமிர்ந்தது, கரடியின் நெஞ்சில் போய் நின்றது.

காபிக் கோப்பைகள் எல்லாம் தாழ்ந்தன.

"காத்து அடிச்சுது" என்றார் ராஸ்கோ. ஒரு பெரணி இலை கூட ஆடவில்லை.

இரண்டாவது அம்பு முதலாவதற்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"கரடி பெருசு. எப்படி விட்டாலும் எங்கயாவது படும்."

மூன்றாவது, இரண்டாவதை உரசி வார்னிஷைச் சீவிக்கொண்டு அதன் பக்கத்திலேயே இறங்கியது. ஓரின் வாரக்கணக்கில் உப்புத்தாளோடு மல்லுக்கட்டியும் அவ்வளவு சுத்தமாகச் சீவியதில்லை.

வெர்னா வில்லைத் தாழ்த்தினார். கை இப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் அந்தக் கையைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"ராஸ்கோ, அம்பு வில்லைச் சுத்தி வளைஞ்சுதானே நேராகணும்? அப்பா இதையெல்லாம் என் பழைய வில்லுக்குன்னு விறைப்பா செஞ்சிருந்தாரு. இந்தச் சின்ன வில்லால அதை வளைக்க முடியல. அதான் இடது பக்கமே ஓடிச்சு. இப்ப மெலிஞ்சு போனதால வளையுது." வலது கையை விரித்துக் காட்டினார். "என் கை இல்லடா. வசந்தம் பூரா நான் என் கையைத் திட்டிக்கிட்டிருந்தேன். அது அம்புடா."

ராஸ்கோவுக்கு இது தெரியாத பாடமில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். நடுங்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அம்பு தெரியாமல் போயிருந்தது. அங்கிருந்த அத்தனை பேருக்கும் அப்படித்தான்.

ஓரினுக்கு யாருக்கு முதலில் நன்றி சொல்வதென்று புரியவில்லை. டிரில்லுக்குச் சொன்னார். உரியாமல் அடம்பிடித்த பச்சைப் பெயிண்டுக்குச் சொன்னார். அதைப் பூசிய மச்சானைக் கட்டிப்பிடித்து, "உன் படகுக்குக் கோடி நன்றிடா, நீ பூசலேன்னா நான் தேச்சிருக்கவே மாட்டேன்" என்று தொப்பி மேலேயே முத்தம் கொடுத்தார். பிறகு வெர்னாவிடம் போய் நின்றார். நடுங்கிய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார்.

"விடு, இன்னும் ஒம்பது அம்பு இருக்கு" என்றார் வெர்னா.

ராஸ்கோ கரடியை நோக்கி நடந்தார். புள்ளி போடும்வரை குறியில் நிற்கும் அம்பை யாரும் தொடக்கூடாது என்பது விதி. அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டத்தில் வைத்து மூன்றையும் பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். கரடியின் முதுகுப்பக்கம் போய் அங்கே ஆள் யாராவது ஒளிந்திருக்கிறாரா என்று கூடப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்த ஆள் நாளையிலேருந்து இதை ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிவான். யாரும் நம்ப மாட்டீங்க, நானும் நம்ப மாட்டேன்னுதான் வந்தேன்." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆனா நடந்துச்சு. அம்பைப் பாழாக்கியே சரி பண்ணிட்டான். நான் பாத்தேன்."