பிரேக் இருந்த இடம்

கார் தரையில் ஒட்டியிருந்த ரெக்ஸினை ஆனந்தவள்ளி உரித்தபோது, கீழே படுத்திருந்த கணவரின் நெற்றி தெரிந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் நெற்றி. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஏட்டி, மெதுவா. கண்ணுல விழுது."

"நான் ஒண்ணும் செய்யல. தானா வருது."

தானாகத்தான் வந்தது. மேலே ரெக்ஸின், அதற்கடியில் பழைய கார்ப்பெட், அதற்கடியில் தகடு. மூன்றும் ஒன்றாக ஒட்டி, வெந்த கிழங்கின் தோல்போலப் பெயர்ந்து வந்தன. கையில் இருந்ததில் எது துணி எது இரும்பு என்று பிரிக்க முடியவில்லை. அவள் அதைச் சன்னல் வழியே போர்ட்டிகோ ஓரமாகப் போட்டாள். ஓட்டுநர் இருக்கையைக் காலையிலேயே கழற்றி வெளியே வைத்துவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கியர்க் கம்பிக்கு மேல் குனிந்து அவள் வேலை செய்தாள். காரின் வலது பக்கம் ஹாலோபிளாக் கற்களின் மேல் தூக்கி நின்றது. குற்றாலத்து மலைப் பக்கமிருந்து சாரல் வந்து வந்து போனது. குத்துக்கல்வலசையில் ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் துணி உள்ளே காய்ந்தது.

அவள் கணவர் நாறும்பூநாதன் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் உட்காருகிறவர். சீசன் நேரத்தில் லீவு கேட்டு முதலாளியிடம் வசவு வாங்கியிருந்தார். துளையிடக் கொண்டுவந்த டிரில்லிங் மிஷின் லாட்ஜ் பிளம்பருடையது. நாறும்பூநாதன் சுவரில் ஆணி அடித்தால் ஆணி வளையும். ஒரு வாரமாக மொபைலில் வீடியோ பார்த்திருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரன் சுத்தமான கையுறை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே தகடு வெட்டினான்.

ஆனந்தவள்ளிக்குச் சிறுவயதிலேயே போலியோவில் இரண்டு கால்களும் செயலிழந்தன. இந்த மாருதி 800 கைகளால் ஓட்டுவதற்காக மாற்றிய வண்டி. ஆக்சிலேட்டர் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வளையம். கிளட்சு கியரின் தலையில் ஒரு பொத்தான். பிரேக்குக்கு, கதவுப் பக்கம் தரையில் ஒரு இரும்புத் தாங்கி, அதில் ஒரு கைக்கம்பி. கம்பியை வலது கையால் முன்னே தள்ளினால் பிரேக் அமுங்கும். இதில்தான் இருபது வருடமாக ஆலங்குளத்திலுள்ள அரசு அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலைக்குப் போய்வருகிறாள். கார் வருவதற்கு முன் அவள் போன இடமெல்லாம் யாராவது கூட்டிப்போன இடம்.

போன மாதம் பாவூர்சத்திரம் சந்தைக்கு முன்னால் ஒரு மினி லாரி சட்டென்று நின்றது. கம்பியைத் தள்ளினாள். பிரேக் அமுங்கவில்லை. தாங்கி தரையோடு பெயர்ந்து பின்னால் சாய்ந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தாள். ரோட்டோரம் அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகளில் மோதி வண்டி நின்றது. மூட்டைக்காரன் ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"எக்கா, வெங்காயம் வேணும்னா எறங்கி வந்து வாங்கலாம்லா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

வெல்டர் நாசர் வீட்டுக்கே வந்து பார்த்தார். அடியில் படுத்து ஒரு ஆணியால் குத்திக்கொண்டே போனார். எழுந்து கையைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, வெல்டு பிடிக்க ரெண்டு பக்கமும் இரும்பு வேணும். இங்கன ஒரு பக்கம் துரு, ஒரு பக்கம் காத்து."

"ஒரு தகட வச்சு..."

"வேற எதுன்னாலும் வச்சு அடிச்சுருவேன். இது பிரேக்கு. மைனி உசுரு. என்னால ஆகாது."

வேறு கார் வாங்கி, கைக்கம்பி பொருத்தி, அதற்கு ஒப்புதல் கிடைப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். பஸ்ஸின் முதல் படி அவள் இடுப்புக்கு வரும். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஆனிக் காற்றில் ஆலங்குளம் ரோட்டில் ஏற்கெனவே ஒருமுறை அவளைக் கவிழ்த்திருக்கிறது. பக்கத்திலுள்ள தென்காசிக்கு மாற்றல் கேட்ட மனு திரும்பி வந்துவிட்டது. லீவு இன்றோடு முடிகிறது. "கொஞ்ச நாள் வீட்டுலதான் இரேன்" என்று நாறும்பூநாதன் ஒருதடவை சொன்னார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுபடி அவர் சொல்லவில்லை. தகடு வெட்டக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஓட்டையின் விளிம்பை அவள் விரலால் தடவினாள். வலது மூலையில் துரு வேறு மாதிரி இருந்தது. கறுத்து, ஊறி, நீளமாக இரண்டு வரி. கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது. காரில் ஏறி உட்கார்ந்ததும் ஊன்றுகோல்கள் இரண்டையும் உள்ளே இழுத்துக் கதவோரம் சாய்த்துக்கொள்வாள். வேறு எங்கே வைத்தாலும் தனியாக இறங்கும்போது எட்டாது. சாரலில் நனைந்த கம்புகள். வருடாவருடம் சீசன் முழுக்க, தினமும் அதே இடத்தில் வடிந்திருக்கின்றன.

"ஏங்க. இது என் கம்புத் தண்ணி."

கீழே உரசும் சத்தம் நின்றது. "ரெக்ஸின் நான் ஒட்டினதுலா. கம்பு வழுக்குதுன்னு சொன்ன. ஒட்டாம விட்டிருந்தா காஞ்சாவது போயிருக்கும்."

"சரி. ஆளுக்குப் பாதி வச்சுக்குவோம்."

அவர் சிரிக்கவில்லை.

திட்டம் எளிமையானது. ஓட்டைக்கு மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, சுற்றிலும் நல்ல இரும்பு பார்த்து போல்ட் போட்டு முறுக்குவது. அதன்மேல் தாங்கியை நிறுத்துவது. அவர் கீழிருந்து துளையிட, அவள் மேலே தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முதல் துளை பரவாயில்லை. இரண்டாவது துளை கதவோரம். மிஷின் சுற்றியது, ஆனால் இரும்பைத் தொடும் சத்தம் வரவில்லை. மிஷின் நின்றது. பிறகு அவர் அசையவில்லை.

"என்ன பாக்கிய?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு. அடுத்த போல்ட்ட எடு."

அவள் தகட்டை நகர்த்திவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். பிடிவரை இறங்கியது. அதன் முனை அவர் காதுக்குப் பக்கத்தில் வெளியே வந்தது.

"பொய் சொல்லுதிய."

அவள் ஓட்டைக்கு மேல் இன்னும் குனிந்தாள்.

"நாளைக்கு நான் இதுல கைய வச்சுத்தான் வண்டிய நிறுத்தணும். எங்கிட்ட பொய் சொல்லுதிய."

"வேற என்னத்தச் சொல்ல? போகாதன்னா கேக்கவா போற?" அவர் குரல் தகட்டில் மோதி வந்தது. "அந்த வேலய விட்டா நீ என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும். அதான் நல்லா இருக்குன்னு சொன்னேன். பொறவு எனக்கே பயமாப் போச்சு."

ஓட்டை வழியே அவர் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது. கைகள் இரண்டும் பக்கத்தில் கிடந்தன. சாரல் வலுத்து, கார்க்கூரையில் மணலை அள்ளிப் போட்டதுபோல விழுந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ஹைருன் பீவியின் குரல் வந்தது. "மைனி, அண்ணன் உள்ள போயி ரொம்ப நேரமாச்சே. உசுரோட இருக்காரா?"

"இருக்காரு. வெளிய வரத்தான் மனசில்ல."

"தேயில போட்டுட்டேன். வரச் சொல்லுங்க."

தேநீரைக் குடித்துவிட்டு அவர் மறுபடி உள்ளே போனார். அவள் ஸ்பேனரால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தாள். கதவோரம் தட்டினால் அட்டையைத் தட்டிய சத்தம். இருக்கைக்கு அடியில் தட்டினால் பாதி அட்டை, பாதி இரும்பு. நடுவில் கியருக்குப் பக்கத்தில் தரை மேடாக எழும் இடத்தில் தட்டினாள். கணீரென்றது. இன்னொருமுறை தட்டினாள். மேட்டில் தண்ணீர் நின்றதே இல்லை.

"தாங்கிய இங்கன வைப்போம்."

அவரும் கீழிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்தார். "அது இடது கைப் பக்கம்லா."

"ஆமா."

"இடது கையாலயா பிரேக் போடுவ?"

"வேற எங்கன இரும்பு இருக்கு? சொல்லுங்க, அங்கன வைக்கேன்."

அவர் துளையிட்டார். மிஷின் அலறியது. இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது. சுருள் சுருளாகச் சூடான இரும்புச் சீவல் அவள் புறங்கையில் விழுந்தது. அவள் மேலே போல்ட்டின் தலையைப் பிடிக்க, அவர் கீழே நட்டை முறுக்கினார். "பிடிச்சுக்கிட்டியா?" "பிடிச்சிருக்கேன்." ஒவ்வொரு போல்ட்டுக்கும் இதே இரண்டு சொல். கதவோரத்து ஓட்டையைத் தகட்டால் மூடினார்கள். அது காலைத் தாங்கினால் போதும். சாயங்காலத்துக்குள் தாங்கி புது இடத்தில் நின்றது, கைக்கம்பி மறுபடி பிரேக்கோடு சேர்ந்தது. நாறும்பூநாதன் வெளியே வந்து கைக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தை முழுக்கப் போட்டு இழுத்தார், தள்ளினார். கார்தான் ஆடியது. தாங்கி ஆடவில்லை.

இருக்கையை மாட்டி, கற்களை எடுத்து வண்டியை இறக்கினார்கள். இஞ்சினைப் போடாமலே அவள் உட்கார்ந்தாள். இனி ஸ்டியரிங்கும் வளையமும் வலது கைக்கு. கியரும் பிரேக்கும் இடது கைக்கு. இரண்டு கைகளும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் பானெட்டுக்கு முன்னால் நின்று கை காட்டினார். அவளுடைய இடது கை கம்பிக்குப் போனது. மறுபடி காட்டினார். இடது கை. அவர் பேசிக்கொண்டே இருந்துவிட்டு எதிர்பாராமல் "பிரேக்!" என்று கத்தினார்.

வலது கை போனது. கதவோரம் ஒன்றுமில்லாத இடத்தை ஓங்கித் தள்ளியது. விரல்முட்டி கதவில் இடித்தது.

மறுபடி கத்தினார். வலது கை. மறுபடி. வலது கை. கையை அவள் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ரோட்டுக்குப் போவோம். ஓட்டுனா சரியாயிரும்" என்றார்.

அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தெருக்கோடிவரை போய் வந்தாள். மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கோழிக்கடைக்கு முன்னால் நிறுத்தினாள். எல்லாம் இடது கையால், மெதுவாக, சரியாக.

"பாத்தியா? வந்துட்டு."

"இல்லங்க. எங்க நிறுத்தணும்னு முன்னாலயே எனக்குத் தெரியுதுலா. தெரிஞ்சா கை கேக்கு. தெரியாம வாறதுக்குத்தான பிரேக்கு."

அவர் முன்னே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஆள் இல்லை. சாரலில் வீடுகள் கதவைச் சாத்தியிருந்தன. இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் கதவைத் திறந்து இறங்கினார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தாள். அவர் தெரு நடுவில் நடந்துகொண்டே போய், தொலைவில் திரும்பி நின்றார்.

"வா."

அவள் கண்ணாடியை இறக்கினாள். "என்ன செய்யுதிய? தள்ளி நில்லுங்க."

"எப்பம் கை காட்டுவேன்னு சொல்ல மாட்டேன். நீ வா."

"வேண்டாம். எனக்கு வேண்டாம்."

"நாளைக்குப் பாவூர்சத்திரத்துல எவனாவது குறுக்க வருவான். அவனுக்கு முன்னால நான் வாரேன். மெதுவா வராத. எப்பவும் போற மாதிரி வா."

சாவி கையெட்டும் தூரத்தில் இருந்தது. திருப்பினால் இஞ்சின் அணைந்துவிடும். அதன் பிறகு வண்டி நின்றபடியே நிற்கும். யாராவது காய்கறி வாங்கி வருவார்கள். யாராவது கல்யாணத்துக்குக் கூட்டிப்போவார்கள். அவள் சாவியைப் பார்த்தாள். பிறகு கியரின் தலையிலிருந்த பொத்தானை அழுத்தினாள்.

வண்டி நகர்ந்தது. வளையத்தை அழுத்தினாள். இரண்டாவது கியர். மின்கம்பம் பின்னால் போனது. வைப்பர் ஒருமுறை துடைக்கையில் அவர் தெளிவாக நின்றார், சாரல் விழுந்ததும் கலங்கினார், அடுத்த துடைப்பில் இன்னும் பெரிதாக நின்றார். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கைகள் இரண்டும் தொங்கின. அவர் அவளைப் பார்க்கவில்லை, அவள் கைகளைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.

கோழிக்கடை போனது. அவர் இன்னும் கையைத் தூக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த வலது கையில் சுண்டுவிரல் மட்டும் கதவோரம் பார்த்துத் தானாக விரிந்தது.