இரண்டாவது போட்டோ

காலை பத்தே காலுக்குத்தான் முதல் போட்டோ வருகைப் பதிவு ஆப்பில் ஏறியது. அதுவரை நாற்பத்தோரு பேரும் ஏரிக்கரைக்குக் கீழே இரண்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பணித்தளப் பொறுப்பாளர் பாரதி கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கரைமீது முன்னும் பின்னும் நடந்தாள். ஏரியூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்த ஏரிக்குள் டவர் எடுப்பதில்லை. கரையின் தென்கோடியில் வேலிக்காத்தான் புதரை ஒட்டி நின்றால் ஒரு கோடு தெரியும். சில நாள் இரண்டு.

முதல் போட்டோ ஏறிய நேரத்திலிருந்து நாலு மணி நேரம் கழித்துத்தான் ஆப் அடுத்த போட்டோவை எடுக்க விடும். இரண்டிலும் முகம் இருந்தால்தான் நூறு நாள் வேலையில் அன்றைய வருகை கணக்காகும். எட்டரைக்கே ஏறியிருந்தால் பன்னிரண்டரைக்குப் போய்விடலாம். இன்றைக்கு இரண்டே கால் ஆகும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் பாரதியைத் திட்டவில்லை. பெண்கள் தலைத்துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு இரும்புச் சட்டிகளை எடுத்தார்கள்.

கோகிலா மண் சுமக்கும் வரிசையில் மூன்றாவதாக நின்றாள். ஏரியின் நடுவில் வெட்டிய மண்ணைக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். நூற்றிருபது தப்படி. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பு விளிம்பில் கால் பட்டால் ஓட்டுச்சில்லைப் போல உடைந்தது. ஏரிக்குள் ஒரு மரம் இல்லை. நிழலுக்குப் பச்சை வலை வரும் என்று பங்குனியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்திரை பாதி முடிந்துவிட்டது.

இந்த வேலைக்கு அவள் வந்து மூன்றாவது வாரம். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். புருஷன் திருமால் அதே எஸ்டேட்டின் ஃபாக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் இருந்தான். ஆறு வருடத்துக்கு முன்பு அவனுக்கு இளைப்பு தொடங்கியது. மழைக்காலத்தில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டின் சுவரெல்லாம் ஓதம் ஏறிப் பச்சை பிடிக்கும். போர்வை உலராது. திருமால் படுக்க முடியாமல் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே தூங்கினான். கக்கூசுக்குப் போய்வர இருபது படி. நாலு படிக்கு ஒருமுறை நின்றான். போன ஐப்பசியில் டாக்டர் கோகிலாவைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு குளிர்காலத்தை இவர் இங்கே தாண்டமாட்டார், நன்றாக வெயில் அடிக்கிற ஊராகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

ஏரியூருக்குப் பக்கத்தில் திருமாலின் அப்பா விட்டுப்போன ஒற்றை அறை வீடு ஒன்று இருந்தது. ஆனால் அவள் வேலையை விட்டால் லைன் வீட்டையும் விடவேண்டும், திரும்பி வந்தாலும் எடுக்கமாட்டார்கள். திருமால் அதைச் சொல்லி, தான் மட்டும் போவதாகச் சொன்னான். கோகிலா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"மூச்சு வுட முடியாத மனுசன அங்க தனியா அனுப்பிட்டு, நான் இங்க யாருக்குக் கொழுந்து பறிக்கறது?"

தை மாதம் வந்து இறங்கினார்கள். இந்த ஊர் வெயில் அப்போது நன்றாகவே இருந்தது. கோகிலா வாசலில் பாயைப் போட்டு மலையிலிருந்து கொண்டுவந்த கம்பளிகளைக் காயவைத்தாள். ஒரே பகலில் அவை காய்ந்துபோனதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். மாசி கடைசியில் ஒருநாள் விடியும்போது விழித்தவள், திருமால் கால் நீட்டி மல்லாந்து படுத்துத் தூங்குவதைக் கண்டாள். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் எழுந்துவிடக் கூடாதென்று அடுப்பு பற்றவைக்காமல் ஒரு மணி நேரம் காத்திருந்தாள்.

பங்குனியில் வீட்டின் சிமெண்ட் ஷீட் கொதித்தது. பக்கத்து வீட்டுச் சின்னக்கா, ஷீட்டின் மேல் தென்னை ஓலையைப் போட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மூன்று மாதம் அலைந்து நூறு நாள் வேலை அட்டையில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரையும் ஏற்றிக்கொடுத்ததும், அவளைக் கூடவே ஏரி வேலைக்குக் கூட்டிவந்ததும் சின்னக்காதான். அறுபது வயதில் இன்னும் ஆண்களுக்குச் சமமாக மண்வெட்டி பிடிப்பவள். நிறையத் தண்ணீர் குடி என்று தினமும் சொல்வாள். கோகிலாவுக்கு அது வரவில்லை. தேயிலைக் காட்டில் ஒதுங்க இடம் கிடையாது, சுற்றிலும் ஆட்கள். காலையில் ஒரு டம்ளர் சாயா குடித்தால் மத்தியானம் கொழுந்தை எடை போடும்வரை எதுவும் குடிக்காமல் இருந்து உடம்பு அப்படியே பழகிவிட்டது. இங்கேயும் ஒதுங்க ஒரு புதர்தான், அதுவும் கரைக்கு அந்தப் பக்கம்.

பதினொன்றரைக்கு அவளுக்குத் தலைவலி வந்தது. திருமால் அன்றைக்கு மாத்திரை வாங்கப் பென்னாகரம் போயிருந்தான். அவன் வந்ததும் அவனிடமே ஒரு தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று சின்னக்காவிடம் சொன்னாள். பன்னிரண்டரைக்கு வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. பெண்கள் அவளை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலும் வெயில்தான். ஒருத்தி புடவைத் தலைப்பை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தாள். கை வலித்ததும் இன்னொருத்தி பிடித்தாள்.

பாரதி கரையிலிருந்து இறங்கி வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். இந்த வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்கும்படி கோகிலாவிடம் சொன்னாள்.

"போட்டோ?" என்றாள் கோகிலா.

"ஆளு இல்லாம போட முடியாதுங்க்கா. முகத்தக் கேக்குது."

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"ஒன்றர மணி நேரம்."

நாலு கிலோமீட்டர் இந்த வெயிலில் நடப்பதைவிட இங்கே உட்கார்ந்திருப்பதே மேல் என்று இரண்டு பெண்கள் சொன்னார்கள். கோகிலாவும் அதையே சொன்னாள். எஸ்டேட்டில் காய்ச்சலோடுகூட எடை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன், இது என்ன பெரிதா என்றாள். காலையிலிருந்து தான் சுமந்த மண் சும்மா போய்விடக் கூடாது என்பதுதான் அவள் பேச்சாக இருந்தது. பாரதி தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கரைக்குத் திரும்பினாள்.

ஒன்றரைக்குப் பிறகு கோகிலாவுக்கு வியர்ப்பது நின்றுபோனது. சின்னக்கா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டது போலிருந்தது. தோல் காய்ந்து கிடந்தது.

"குளிருதுக்கா" என்றாள் கோகிலா. "சொட்டரு எங்க வச்சேன்னு தெரியல. மேகம் எறங்கிருச்சு, ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

சின்னக்கா பாரதியைப் பார்த்துக் கூப்பிட்டாள். பாரதி தென்கோடியில் புதரருகே கையை உயர்த்தி நின்றுகொண்டிருந்தாள். மணி இரண்டு இருபது. டவர் ஒரு கோடு வந்திருந்தது. அது போவதற்குள் எல்லோரும் ஓடி வரவேண்டும் என்று கத்தினாள். மற்றவர்கள் ஓடினார்கள். சின்னக்காவும் இன்னொருத்தியும் கோகிலாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். போட்டோ முடிந்ததும் வண்டிக்குச் சொல்லிவிடலாம், இவ்வளவு நேரம் இருந்துவிட்டு இதை ஏன் விடவேண்டும் என்று சின்னக்கா நினைத்தாள். முதல் வரிசையில் நிறுத்தி, வெளியே தெரியாதபடி இடுப்புக்குப் பின்னால் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டார்கள். முகம் மறையக் கூடாது என்று பாரதி சொன்னதால் தலைத்துண்டை எடுத்தார்கள். இரண்டு இருபத்தேழுக்குப் போட்டோ ஏறியது.

கையை எடுத்ததும் கோகிலா முன்பக்கமாகச் சரிந்தாள்.

ஆம்புலன்சைக் கூப்பிடவும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு முறை பேச்சு பாதியில் அறுந்தது. அந்த வழியாகச் செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பிய குட்டியானை வண்டி ஒன்றைப் பாரதி சாலைக்கு ஓடி மறித்தாள். பின்பக்கத் தகரம் சுட்டதால் சின்னக்கா தன் மடியில் கோகிலாவைப் போட்டுக்கொண்டாள்.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் மாத்திரைப் பையோடு உட்கார்ந்திருந்த திருமாலுக்கு மூன்றரை மணிக்குத் தகவல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கடைத்தெருவைத் தாண்டி, மேட்டில் ஏறி, எங்கும் நிற்காமல் ஓடினான். வாசலில் வண்டியையும், அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த சின்னக்காவையும் பார்த்த பிறகுதான் நின்றான். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. இளைக்கவில்லை. அதை அவன் கவனித்தான். கவனித்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வழியிலேயே உயிர் போயிருந்தது.

ஒன்பதாம் நாள் பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். வேலையிடத்தில் இறந்ததாகப் பதிவானால் குடும்பத்துக்கு அரசு உதவி உண்டு என்று பாரதிதான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தாள். வந்த அதிகாரி மரியாதையாகப் பேசினார். திருமாலை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிறகு தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு இருபத்தேழு. வேல முடிஞ்சு எடுத்தது. நேரா நிக்கிறாங்க பாருங்க. மயக்கம் அதுக்கப்பறந்தான வந்திருக்குது? அப்ப அது வேலையிடத்துச் சாவுன்னு சேராதுங்க."

திருமால் பார்த்தான். அதிகாரி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கோகிலாவின் கண் பாதி மூடியிருந்தது. வெயிலுக்குச் சுருக்கியது போலத்தான் தெரிந்தது. வரிசையில் எல்லோருமே கண்ணைச் சுருக்கியிருந்தார்கள்.

"நாங்கதான் சார் ரெண்டு பக்கமும் புடிச்சிருந்தோம்" என்றாள் சின்னக்கா. "அது நிக்கலீங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அப்படி எழுதினால், முடியாத ஆளைத் தூக்கி நிறுத்திப் போட்டோ எடுத்ததாக ஆகும், முதலில் பாரதியின் வேலை போகும், போலீசுக்கும் போகும் என்று விளக்கினார். மிரட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே அவர்களுக்குப் புரியவைக்க நினைப்பவரைப் போலச் சொன்னார்.

பாரதி கதவருகே நின்றிருந்தாள். "எழுதுங்க சார்" என்றாள். சின்னக்கா அவளையும் திருமாலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

திருமால் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"போட்டோவுல இருக்கற மாதிரியே எழுதிக்குங்க சார்" என்றான்.

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். போகும்போது, அந்தப் படத்தில் அவள் முகத்தை மட்டும் தனியாக எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டான். ஆப்பிலிருந்து வெளியே எடுக்க அனுமதி கிடையாது என்றார் அதிகாரி.

அடுத்த திங்கட்கிழமை புது வாரத்துக்கு ஆட்களின் பட்டியல் வந்தது. திருமால் எட்டு மணிக்கே ஏரிக்கு வந்துவிட்டான். அவனால் மண் சுமக்க முடியாது, தண்ணீர்க் குடம் தூக்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். அன்றைக்கு டவர் இருந்தது. பாரதி கைப்பேசியைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஆட்கள் குரல் கொடுத்தார்கள். திருமாலும் குரல் கொடுத்தான்.

பாரதி அடுத்த பெயரை வாசிக்கவில்லை. திருமாலுக்கு வேலை கேட்டபோது அட்டையிலிருந்த இரண்டு பெயரும் சேர்ந்தே பட்டியலில் ஏறிவிட்டிருந்தன. அவள் அந்தப் பெயரைத் தாண்டிக் கீழே போகப் பார்த்தாள். திரை நகரவில்லை. மறுபடியும் தள்ளிப் பார்த்தாள். ஒரு வரியைக்கூடக் காலியாக விட ஆப் ஒத்துக்கொள்ளவில்லை.

கோகிலாவின் பெயருக்கு எதிரே வரவில்லை என்று அழுத்தினாள். அதன் பிறகுதான் போட்டோ எடுக்கும் பக்கம் திறந்தது. முகம் தெளிவாக விழ வேண்டும் என்பதால், தலைத்துண்டை இறக்கிவிட்டு நாற்பத்தோரு பேரும் சூரியனைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.