மூன்று சனிக்கிழமை டிம்சம்

பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவளுக்கு மகன் கொடுத்த பரிசு, ஒரு சமையல் வகுப்பு. மூன்று சனிக்கிழமை, காலை பத்திலிருந்து ஒன்று வரை, டிம்சம் என்கிற சீனக் கொழுக்கட்டை செய்யக் கற்றுத் தருவார்களாம்.

"யாருடா கேட்டா?" என்று எரிந்து விழுந்தாள்.

"வீட்டுலயே அடைஞ்சு கிடக்கறியேம்மா. போய்ட்டு வா."

கட்டிய பெண்டாட்டியின் பிறந்தநாளையே மறக்கிற பயல், வாராவாரம் தானே காரில் கொண்டுபோய் விட்டான். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முதல் வாரம் மாவு அவள் மானத்தை வாங்கியது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிச் சுடச்சுடப் பிசைய வேண்டும். ஈரத்துணி போட்டு மூடாவிட்டால் காய்ந்து வெடித்துவிடும். இறாலை நடுவில் வைத்து மூடும்போது மடிப்பு ஒரு பக்கம் மட்டும்தான் வர வேண்டும். அவள் இரண்டு பக்கமும் மடித்து வைத்தாள். மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், இது டிம்சமா, ஊருக்குப் போற மூட்டையா?"

நாலு பேர் சிரித்தார்கள்.

"முதல்ல உங்க வாயை மடிங்க தம்பி" என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் வாரம் ஆவியில் வைத்த எல்லாமே வாயைப் பிளந்தன. விடுவாளா? வீட்டில் கைக்குட்டையை வைத்து மடித்து மடித்துப் பழகினாள். மூன்றாம் சனிக்கிழமை, ஒரு கைக் கட்டைவிரல் தள்ள, மறு கை விரல் மடிக்க, ஒன்பது மடிப்போடு பிறை மாதிரி வளைந்து வந்தது. மாஸ்டரே அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அவளுக்கு வாயெல்லாம் பல். மகன் மேல் இருந்த கோபம்கூடக் கரைந்துவிட்டது. பெத்தது வீண்போகவில்லை என்று மனசார நினைத்துக்கொண்டாள்.

அடுப்பில் மூங்கில் தட்டை ஏற்றியதும் சிலிண்டர் தீர்ந்துபோனது. வேறு சிலிண்டர் சாயங்காலம்தான் வருமாம். வேகாததை டப்பாவில் போட்டுக் கொடுத்து, வகுப்பு முடிந்தது என்றார் மாஸ்டர். மணி பத்து ஐம்பது. மகனுக்குப் போன் செய்தாள்.

"சீக்கிரமே விட்டுட்டாங்கடா. பஸ்ல வந்துடறேன்."

"வேணாம்மா! அங்கேயே இரு, ஒரு மணிக்கு நான் வரேன்."

"கதவைச் சாத்தறாங்கடா."

"அப்ப எங்கயாவது கடையில உக்காரு. வீட்டுக்கு மட்டும் வந்துடாதே!"

டயர் பஞ்சர் என்று கதை விடுகிற டிரைவர்கள் எத்தனை பேரைப் பார்த்தவள். அதே குரல். வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டு வாசலில் யாருடைய காரோ நின்றது. சமையலறையில் ஓர் ஆள் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். மறுமுனை மகன் கையில். அந்த ஆளின் மனைவி அலமாரியைத் திறந்து பார்க்க, மருமகள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்தச் சுவரை இடிச்சா ஹால் பெரிசாயிடும்."

மகன் அவளைப் பார்த்தான். டேப் கை நழுவிச் சுருண்டது.

"யார் இவங்க?"

அந்த ஆள்தான் தயங்கித் தயங்கிப் பேசினார். "வீடு பாக்க இது மூணாவது சனிக்கிழமைங்க. அம்மா முதியோர் இல்லத்துக்குப் போறாங்க, அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டுடுவாங்கன்னு உங்க பையன் சொன்னாரு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஓவர்டைம் பார்த்துப் பார்த்து அவள் கட்டிய வீடு. மாடியில் மகனும் மருமகளும் ஆறு வருஷமாக ஓசியில் குடியிருக்கிறார்கள். விற்கத் துணிந்ததைக்கூடப் பொறுத்திருப்பாள். காலையில் இந்தப் பயலை நினைத்து மனம் குளிர்ந்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உன் நல்லதுக்குத்தாம்மா…"

"வாயைத் திறந்தே, தெரியும் சேதி."

வந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

"வீடு என் பேர்ல இருக்கு. விக்கறதா இல்ல. ஆனா மூணு தடவை அலைஞ்சிருக்கீங்க, சும்மா அனுப்ப மனசு வரல. மாடி அடுத்த மாசம் காலியாகுது. வாடகைக்கு வேணும்னா போய்ப் பாருங்க."

பிறகு மருமகளிடம் கையை நீட்டினாள்.

"மாடிச் சாவியைக் கொடும்மா. வந்தவங்க பாக்கணும்ல?"